ஆட இடம் இல்லையா? அடுத்த கல்லூரி!

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில் இருக்கும் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி, அந்த சீசனில் நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் ஜெயித்திருந்தது. நான்கையும் தொடங்கியவர் குவாட்டர்பேக் கெல்லி பிரையன்ட். முந்தைய ஆண்டு இதே அணியை நாட்டின் முதல் நான்கு அணிகளுக்குள் கொண்டுபோனவர். அவருக்கு அது கடைசி ஆண்டு. அன்று கோச் டேபோ ஸ்வீனி ஒரு முடிவைச் சொன்னார்: வரும் சனிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்கப்போவது ட்ரெவர் லாரன்ஸ். கல்லூரிக்குள் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத முதலாமாண்டுப் பையன்.

புதன்கிழமை பிரையன்ட் அணியை விட்டே விலகினார். முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது என்று உள்ளூர்ப் பத்திரிகையிடம் சொன்னார். கேட்டதையெல்லாம் செய்தேன், யாருக்கும் தொல்லை கொடுத்ததில்லை என்பது அவர் ஆதங்கம்.

சனிக்கிழமை வந்தது. சிராக்யூஸ் அணியுடன் ஆட்டம். இரண்டாவது கால்பகுதியிலேயே லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார். பிரையன்ட் இருந்திருந்தால் உள்ளே போயிருப்பார். அவர்தான் மூன்று நாள் முன்பு மூட்டை கட்டிவிட்டாரே. மூன்றாவது ஆளாக இருந்த சேஸ் பிரைஸ் களமிறங்கினார். கடைசிக் கால்பகுதியில் 10 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணியை இழுத்துப்பிடித்து, 94 கஜம் நகர்த்தி, ஆட்டம் முடிய 41 விநாடி இருக்கும்போது முன்னிலைக்குக் கொண்டுவந்தார். 27-23. கிளெம்சன் பிழைத்தது. அந்த சீசனில் ஒரு ஆட்டமும் தோற்காமல் 15-0 என்று தேசிய சாம்பியனாகவும் ஆனது.

பிரையன்ட் அதே வாரத்தில் போனதற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. கணக்கும் இருந்தது. கல்லூரி வீரருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆட அனுமதி. ஆடாமல் ஒதுங்கும் அந்த ஒரு ஆண்டுக்கு ரெட்ஷர்ட் என்று பெயர். 2018-ல்தான் ஒரு சலுகை வந்தது: நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது. பிரையன்ட் சரியாக நான்கு ஆடியிருந்தார். ஐந்தாவது ஆட்டத்தில் ஒரே ஒரு முறை உள்ளே போயிருந்தாலும் அவருடைய கல்லூரி ஆட்டம் அந்த ஆண்டோடு முடிந்திருக்கும். விலகியதால் ஒரு முழு சீசன் மிச்சமாயிற்று. அதை மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஆடினார்.

ரசிகர்கள் அவரைத் துரோகி என்றார்கள். அணி மேல் விசுவாசம் இல்லாதவர் என்றார்கள். ஏழு மாதம் கழித்து, 2019 ஏப்ரலில், ஸ்வீனி பத்து ஆண்டுகளுக்கு 9 கோடியே 30 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பிரையன்டுக்கு கிளெம்சனில் கிடைத்துவந்தது படிப்புச் செலவுக்கான ஸ்காலர்ஷிப். விசுவாசம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரே ஒரு இடம்

அமெரிக்கர்களின் ஃபுட்பால் நாம் ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவதும் எறிவதும் மோதுவதும்தான் ஆட்டம். நூறு பேருக்கு மேல் இருக்கும் அணியில் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பது பதினொரு பேர். தற்காப்பு வரிசையில் நிற்கும் கனத்த ஆட்களை மூச்சு வாங்கும்போதெல்லாம் மாற்றுவார்கள். ஓடுகிறவர்களையும் சுழற்சியில் விடுவார்கள். குவாட்டர்பேக்கை மட்டும் மாற்றுவதில்லை. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது அவர் கைக்குத்தான். கிரிக்கெட்டில் இரண்டாவது விக்கெட் கீப்பர் வெறும் பேட்ஸ்மேனாகவாவது அணிக்குள் வந்துவிடலாம். இங்கே இரண்டாவது குவாட்டர்பேக்குக்கு அந்த வழியும் கிடையாது. முதல் ஆள் விழ வேண்டும், அல்லது அணி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் வெளியே தெரிவதில்லை. இரண்டாவது ஆளுக்குப் பயிற்சியும் குறைவு. வாரத்தில் சில மணி நேரம்தான் முழு அணியாகப் பயிற்சி நடக்கும். அதில் பெரும்பங்கு ஸ்டார்ட்டருக்குப் போய்விடும். மூன்றாவது, நான்காவது ஆட்கள் ஸ்கவுட் டீமில் நிற்பார்கள். அடுத்த சனிக்கிழமை எதிரணி எப்படி ஆடும் என்று கோச்சுகள் அட்டையில் படம் வரைந்து காட்டுவார்கள். அதைப் பார்த்து எதிரணி குவாட்டர்பேக்போல நடிக்க வேண்டும். தன் அணியின் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வந்தவர், வாரம் ஒரு ஊரான் ஆட்டத்தை ஆடிக்காட்டிக்கொண்டிருப்பார். ஆட்ட நாளில் இந்த மாற்று ஆட்கள் கோட்டுக்கு வெளியே நின்று, அடுத்து என்ன ஆடுவது என்று கையால் சைகை காட்டுவார்கள். ஒருவர் காட்டுவது நிஜம், பக்கத்தில் நிற்பவர் காட்டுவது எதிரணியை ஏமாற்ற. 2024-லிருந்து ஹெல்மெட்டுக்குள்ளேயே கோச்சின் குரல் கேட்கும்படி செய்துவிட்டதால் அந்த வேலையும் குறைந்துபோயிற்று.

ஆடாதவருக்கு அனுபவம் வராது, அனுபவம் இல்லாதவருக்கு ஆட வாய்ப்பு வராது. ஐந்தாண்டுக் கடிகாரம் மட்டும் யாருக்கும் நிற்காமல் ஓடும். ஆட்ட நேரம் கேட்கிற பையனை அவசரக்காரன் என்று சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

ஜோ பரோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹையோ மாநிலத்தில் வளர்ந்தவர். 2015-ல் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் ஆண்டு ரெட்ஷர்ட். அடுத்த இரண்டு ஆண்டுகள் மாற்று ஆள். 2017 சீசன் தொடங்கும் நேரத்தில் கை எலும்பு முறிந்தது. டுவேன் ஹாஸ்கின்ஸ் முந்திக்கொண்டார். மூன்று ஆண்டுகளில் ஆட்டங்களில் பரோ எறிந்த பந்துகள் மொத்தம் 39. பட்டத்தை முடித்துக்கொண்டு, 2018 மே மாதம் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் ஆண்டு சுமாராகத்தான் போயிற்று: புள்ளி எடுத்துத் தந்த எறிதல்கள், அதாவது டச்டவுன் பாஸ், 16. மறு ஆண்டு 60. அந்த 2019 சீசனில் மட்டும் 527 முறை பந்தை எறிந்தார். அணி 15-0. கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பை அவருக்கு. 2020-ல் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். ஓஹையோ ஸ்டேட்டிலேயே இன்னொரு வருஷம் பொறுத்திருந்தால் 39 எத்தனையாக ஆகியிருக்குமோ!

அனுமதிச் சீட்டு காலம்

இன்றைக்குப் பெயரைப் பதிந்தால் போதும் என்றிருக்கும் விஷயம், 2018 வரை வேண்டுதலாக இருந்தது. வேறு கல்லூரிக்குப் போக நினைக்கும் வீரர், தன் கோச்சிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். எந்தெந்தக் கல்லூரியோடு பேசலாம், எதோடு பேசக்கூடாது என்று பழைய கல்லூரி முடிவு செய்யும். அனுமதி இல்லாமல் போனால் புதிய இடத்தில் முதல் ஆண்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. 2017-ல் கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு வீரர் 35 கல்லூரிகளின் பட்டியலைக் கொடுத்தார். ஒன்றுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. விஷயம் வெளியே வந்து நாடு முழுவதும் காறித்துப்பிய பிறகுதான் விட்டார்கள்.

அனுமதி கிடைத்தாலும், புதிய கல்லூரியில் ஒரு முழு ஆண்டு ஆட முடியாது. படிப்பில் காலூன்ற அவகாசம் கொடுக்கிறோம் என்றது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நீச்சல், டென்னிஸ், தடகளம் ஆடுகிறவர்கள் ஒருமுறை மாறி உடனே ஆடலாம். அவர்களுக்குப் படிப்பில் காலூன்ற அவகாசம் தேவைப்படவில்லை போலும். ஓராண்டுத் தடை ஃபுட்பால், ஆண்கள் பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி ஆகியவற்றுக்கு மட்டும். டிக்கெட்டும் டிவி காசும் எங்கே கொட்டுகிறதோ அங்கேதான் மாணவர்களின் படிப்பு மேல் அக்கறை பெருகியது.

2018 அக்டோபர் 15 அன்று டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. அது ஒரு இணையப் பட்டியல், அவ்வளவுதான். வீரர் தகவல் சொன்னால் கல்லூரி இரண்டு வேலை நாட்களுக்குள் பெயரை ஏற்றியாக வேண்டும். பெயர் ஏறிவிட்டால் எந்தக் கல்லூரியும் அவரோடு பேசலாம். 2021-ல் ஓராண்டுத் தடையும் தளர்ந்தது: ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம். அதே ஆண்டு ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததுதான் மடையைத் திறந்துவிட்டது. 2023 டிசம்பரில், பல மாநில அரசுகள் தொடுத்த வழக்கில், இரண்டாவது முறை மாறுகிறவர்களையும் தடுக்கக்கூடாது என்று மேற்கு வர்ஜீனியா ஃபெடரல் நீதிமன்றம் தடை போட்டது. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. இறங்கி வந்தது. படிப்பில் தேறிக்கொண்டிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம்.

2017-லிருந்து 2025 வரை ஒன்பது ஹைஸ்மன் விருதுகளில் ஏழு, கல்லூரி மாறியவர்களுக்கே போயின. பேக்கர் மேஃபீல்ட், கைலர் மர்ரே, பரோ, கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிராவிஸ் ஹன்டர், ஃபெர்னாண்டோ மென்டோசா. எல்லோரும் ஆட இடம் தேடிப் போனவர்கள் இல்லை. வில்லியம்ஸும் ஹன்டரும் தங்கள் கோச் வேலை மாறியதும் அவர் பின்னால் போனவர்கள். ஆனால் பதினெட்டு வயதுப் பையன் கண்ணில் படுவது அந்தப் பட்டியல்தான்.

ஒருவர் நகர்ந்தால்

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஜேக்கப் ஈசன் காயப்பட்டார். முதலாமாண்டு மாணவர் ஜேக் ஃப்ரோம் உள்ளே வந்தார், பிறகு இடத்தை விடவே இல்லை. ஈசன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2018-ல் ஜார்ஜியாவுக்கு ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் வந்தார். நாட்டிலேயே முதல் வரிசையில் பேசப்பட்ட பள்ளி வீரர். ஃப்ரோம் அசைந்து கொடுக்கவில்லை. ஓராண்டு முடிந்ததும் ஃபீல்ட்ஸ் ஓஹையோ ஸ்டேட்டுக்குக் கிளம்பினார். அங்கே தன் முறை வந்துவிட்டது என்று காத்திருந்தவர் டேட் மார்ட்டெல். ஃபீல்ட்ஸ் வந்ததும் மார்ட்டெல் மயாமிக்குப் போனார். மயாமியில் ஸ்டார்ட்டர் இடம் ஜேரன் வில்லியம்ஸுக்குப் போய்விட்டது. மார்ட்டெலை பந்து பிடிக்கும் ஆளாக நிறுத்தினார்கள். ஒரு காயத்தில் ஆரம்பித்த அசைவு, நாட்டின் நான்கு மூலைகளில் இருப்பவர்களின் தலையெழுத்தை மாற்றியது.

கிளெம்சனில் என்ன நடந்தது? லாரன்ஸ் வந்த சமயத்தில் செரிக் கூப்பர் ஜாக்ஸன்வில் ஸ்டேட்டுக்குப் போனார். லாரன்ஸ் வந்த சில மாதங்களில் ஹன்டர் ஜான்சன் நார்த்வெஸ்டர்னுக்குப் போனார். பிறகு பிரையன்ட். சிராக்யூஸ் ஆட்டத்தில் மானத்தைக் காப்பாற்றிய பிரைஸ் பொறுமையின் அடையாளமாகக் கொண்டாடப்பட்டார். அவரும் லாரன்ஸுக்குப் பின்னால் இரண்டு சீசன் நின்று, பட்டம் வாங்கிக்கொண்டு, 2020-ல் டியூக்குக்குப் போனார், அடுத்த ஆண்டு அப்பலேச்சியன் ஸ்டேட்டுக்கு. லாரன்ஸுக்குப் பின் வந்த டி.ஜே. உயங்கலேலே 2022 டிசம்பரில், கான்ஃபரன்ஸ் எனப்படும் கல்லூரிக் குழுமத்தின் இறுதி ஆட்டத்தின் நடுவிலேயே கேட் க்ளப்னிக்குக்கு இடம் விட்டார். பிறகு ஓரிகன் ஸ்டேட், அதன் பின் ஃப்ளோரிடா ஸ்டேட். இதில் வேடிக்கை என்னவென்றால், 2022-ல் ஹன்டர் ஜான்சன் கிளெம்சனுக்கே திரும்பி வந்தார், மாற்று ஆளாக. போர்ட்டலிலிருந்து ஆள் எடுக்காத கோச் என்று பெயர் வாங்கிய ஸ்வீனியின் அணியில் நடந்தவை இவை. எடுக்கவில்லை என்றாலும் விடாமல் இருக்க முடியவில்லை.

காத்திருந்து ஜெயித்தவர்களும் உண்டு. அவர்களில் ஜேலன் ஹர்ட்ஸ் கதையை அமெரிக்கப் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அலபாமாவில் இரண்டு ஆண்டுகள் ஸ்டார்ட்டர். 26 வெற்றி, 2 தோல்வி. 2018 ஜனவரி 8 அன்று தேசிய இறுதி ஆட்டம். அட்லாண்டாவில் ஜார்ஜியாவுக்கு எதிராக இடைவேளையில் 0-13. கோச் நிக் சேபன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, முதலாமாண்டு மாணவர் டுவா டாங்கோவைலோவாவை அனுப்பினார். கூடுதல் நேரத்தில் டுவா எறிந்த 41 கஜப் பந்தில் அலபாமா 26-23 என்று சாம்பியன். கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்க இடம் பறிபோன ஹர்ட்ஸ், அடுத்த ஆண்டு எங்கும் போகவில்லை. 2018 டிசம்பர் 1, அதே அரங்கம், அதே ஜார்ஜியா. டுவா காயப்பட்டார். 21-28 என்று பின்தங்கியிருந்த நேரத்தில் ஹர்ட்ஸ் உள்ளே வந்து 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார்.

கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக்கூடாது. அந்த மாதமே ஹர்ட்ஸ் பட்டம் வாங்கினார். அடுத்த மாதமே ஓக்லஹோமாவுக்கு மாறினார். அங்கே ஸ்டார்ட்டராக ஆடி ஹைஸ்மன் வாக்கெடுப்பில் பரோவுக்கு அடுத்த இடம். 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா அணிக்காக என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வென்று ஆட்ட நாயகனானார். பொறுமைக்கு உதாரணம் காட்டப்படும் ஆளும் கடைசியில் ஆட இடம் தேடி ஊர் மாறியவரே. மூன்றே ஆண்டுகளில் பட்டத்தை முடித்து வைத்திருந்ததால், ஓராண்டுத் தடை அவரைத் தொடவில்லை.

முழுக்கப் பொறுத்திருந்தவர் என்றால் ஆர்ச் மேனிங். பெயர்பெற்ற குவாட்டர்பேக் குடும்பம். பேட்டன், ஈலை இருவரும் சித்தப்பாக்கள். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் க்வின் யூவர்ஸுக்குப் பின்னால் 2023, 2024 இரண்டு சீசனும் நின்று, 2025-ல் ஸ்டார்ட்டரானார். எங்கே போயிருந்தாலும் இடம் கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குக் காத்திருப்பது கட்டுப்படியாகும். அவருக்கு முன்னால் நின்ற யூவர்ஸே ஓஹையோ ஸ்டேட்டில் இரண்டே இரண்டு முறை களத்தில் நின்றுவிட்டு டெக்ஸஸுக்கு வந்தவர்தான்.

தள்ளிவிடப்பட்டவர்கள்

மாறுகிறவர் எல்லோரும் தானாக மாறுவதில்லை. 2022 டிசம்பரில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாக வந்த டியான் சாண்டர்ஸ், முதல் கூட்டத்திலேயே இருந்த வீரர்களைப் பார்த்து போர்ட்டலுக்குப் போங்கள் என்றார். முந்தைய சீசனில் 1-11 என்று தோற்ற அணி அது. அடுத்த சீசன் தொடங்கும்போது பழைய ஸ்காலர்ஷிப் வீரர்களில் சுமார் பத்துப் பேரே எஞ்சியிருந்தார்கள். சாண்டர்ஸ் கேமரா முன்னால் சொன்னதை மற்ற கோச்சுகள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறார்கள்: உனக்கு இங்கே ஆட்டம் கிடைக்காது, வேறு இடம் பார்ப்பது உனக்கு நல்லது. கணக்கில் அதுவும் வீரர் விரும்பிப் போனதாகவே ஏறும்.

போர்ட்டலில் ஏறிய எல்லோருக்கும் அடுத்த கல்லூரி கிடைப்பதும் இல்லை. வீரர் பெயர் கொடுத்துவிட்டால், அந்தப் பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தலாம் என்று 2018 விதியிலேயே எழுதியிருந்தார்கள். பிறகு சிறிய கல்லூரிகளின் வாசல், அல்லது சொந்தச் செலவில் படிப்பு.

படிப்பு என்றதும் நினைவுக்கு வருவது, இந்தச் சத்தத்தில் யாரும் கவனிக்காத ஒரு விதி. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80. ஒரு கல்லூரியில் தேறிய பாடத்தை இன்னொரு கல்லூரி முழுதாக ஏற்றுக்கொள்ளும் என்று நிச்சயமில்லை. பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர் மாறியபின், சதவீதம் தட்டாத ஏதோ ஒரு பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலை வரும். கல்லூரி வீரர்களில் என்.எஃப்.எல். வரை போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பது என்.சி.ஏ.ஏ. தானே சொல்லும் கணக்கு. மீதிப் பேருக்கு இந்தப் பட்டம்தான் சோறு போட வேண்டும். மாறும் உரிமைக்காக நீதிமன்றம் ஏறிய மாநில அரசுகளில் ஒன்று, தன் மாநிலக் கல்லூரிகள் மாறி வரும் மாணவரின் எல்லாப் பாடங்களையும் ஏற்க வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தால் அது பெரிய உதவியாக இருந்திருக்கும்.

2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, ஒவ்வொரு கல்லூரியும் அந்தக் கல்வி ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு வருமானத்தில் நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்று உச்சவரம்பும் வந்தது. முன்பெல்லாம் ஸ்காலர்ஷிப் இல்லாமல், ஆசைக்காக அணியில் ஒட்டிக்கொண்டிருந்த பையன்களுக்கு இதனால் இடம் சுருங்கிவிட்டது. ஸ்டெட்ஸன் பென்னெட் அப்படி வந்தவர்தான். ஜார்ஜியாவில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்து, மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் கல்லூரிக்குப் போய், திரும்பி வந்து, 2021, 2022 இரண்டு சீசன்களிலும் ஜார்ஜியாவைச் சாம்பியனாக்கினார். அவர் இடத்தில் முதலில் இருந்த ஜே.டி. டேனியல்ஸ் மொத்தம் நான்கு கல்லூரிகளில் ஆடி முடித்தார்.

இப்போது கடிவாளம் போடும் முறை. போர்ட்டலில் பெயர் கொடுக்க டிசம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று இருந்த இரண்டு வாய்ப்புகளைச் சுருக்கி, 2026-லிருந்து ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே தவணை என்று ஆக்கியிருக்கிறார்கள். கோச்சுகள் கேட்டு வாங்கிய மாற்றம் இது. அணி யார் யார் என்று ஜனவரியிலேயே தெரிந்துவிடும், நிம்மதி. ஆனால் யார் ஸ்டார்ட்டர், யார் மூன்றாவது ஆள் என்பது வசந்தகாலப் பயிற்சியில், மார்ச் ஏப்ரலில்தான் தெரியவரும். ஏப்ரலில் தனக்கு இடமில்லை என்று தெரிந்துகொள்கிற பையனுக்கு அடுத்த ஜனவரி வரை வழி கிடையாது. நடுவில் ஒரு விதிவிலக்கு உண்டு: தலைமைக் கோச் மாறினால் அந்த அணி வீரர்களுக்கு 15 நாள் தனியாகத் திறக்கும். கோச்சுகளுக்கு இப்படித் தவணை எதுவும் கிடையாது. 2025 நவம்பர் 30 அன்று, 11-1 என்று தேசியப் பிளேஆஃபுக்குப் போகவிருந்த மிசிசிப்பி அணியை அப்படியே விட்டுவிட்டு லேன் கிஃபின் லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். அடுத்த சீசனிலிருந்து புதிய அணியை நடத்த அவர் ஓராண்டு உட்கார்ந்திருக்கவும் வேண்டியதில்லை, யாரிடமும் பட்டியல் நீட்டி அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை.